பாப்பா, அந்தக் கேம் நோட்டைக் கொண்டா

பாப்பா, நோட்டில் கிறுக்கி வைத்திருக்கிற கேம் குறிப்பையெல்லாம் ஒழுங்கான டேட்டாவாக மாற்றணும், எப்படி என்று கேட்டாய். இதற்கென்று தனியாக ஒரு கோர்ஸ் படிக்க வேண்டாம். ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் போடுகிற ஏலக்காய் ஏல விவரத்தைத் திறந்து பார். போடியிலும் புற்றடியிலும் நடக்கிற ஏலங்கள் அதில் வரிவரியாக இருக்கும். தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், எத்தனை லாட், வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை. அவ்வளவுதான் பத்திகள். எடை என்றால் கிலோ, விலை என்றால் கிலோவுக்கு இத்தனை ரூபாய். நடுவில் மாறவே மாறாது. ‘மார்க்கெட் இன்னைக்குச் சுமார்’, ‘காய் நல்லாப் போச்சு’ என்று கடைவீதியில் பேசிக்கொள்வதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட நாளையும், அப்புறம் விலை இறங்கிய நாட்களையும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், அதற்கு அந்தக் கறார்தான் காரணம்.

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவள், எதைப் பேசினாலும் ஏலக்காயில்தான் வந்து நிற்பாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ விளையாடுகிற ஸ்டார்டியூ வேலியும் வெள்ளாமைக் கணக்குதானே? எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் அது. பருவத்துக்கு 28 நாள், நாலு பருவம், வருஷத்துக்கு 112 நாள். விதை என்ன விலை, எத்தனை நாளில் விளையும், என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான் நீ பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாய். நெட் இல்லாமலே போனில் ஓடும் என்பதால், போடிமெட்டில் சிக்னல் போகிற நாளெல்லாம் உன் நோட்டு தடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் வேலை டைப் அடிப்பது இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எண் போடு. பிறகு எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வை. மழைக்காலத்தில் துவைத்த துணியே காயாத ஊர் நம்முடையது. உன் ஜெல் பேனா மை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே பரவிவிடும். போட்டோவைக் கூகுள் லென்ஸில் போட்டால் தானாக எழுத்தாக மாறிவிடாதா என்று கேட்பாய். அச்செழுத்தை அது நன்றாகவே படிக்கும். உன் கையெழுத்தை உன் டீச்சரே படிக்கத் திணறுகிறார், அதற்கு என்ன தெரியும் பாவம். கையால் அடிப்பதுதான் நல்லது. அடிக்கும்போதுதான் நோட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியவரும்.

அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ஒரு வரி என்றால் என்ன? ஏலத் தாளில் ஒரு வரி என்றால் ஒரு ஏலம். சந்தேகமே இல்லை. உன் நோட்டில் ஒரே பக்கத்தில் ‘பார்ஸ்னிப் 4 நாள்’ என்று இருக்கிறது, அதற்குக் கீழே ‘இன்னைக்கு 12 பார்ஸ்னிப் வித்தேன்’ என்று இருக்கிறது, அதற்கும் கீழே ‘அபிகேலுக்கு அமெதிஸ்ட் பிடிக்கும்’ என்று இருக்கிறது. மூன்றும் மூன்று ஜாதி. முதலாவது ஒரு பயிரைப் பற்றிய, எப்போதும் மாறாத விவரம். இரண்டாவது ஒரு நாள் நடந்த சம்பவம். மூன்றாவது கேமில் வருகிற ஒரு ஆளைப் பற்றியது. மூன்றையும் ஒரே ஷீட்டில் கொட்டினால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும், மீதிக் கட்டத்தில் எது எங்கே என்று தெரியாது.

அதனால் தனித்தனி ஷீட் போடு. ‘பயிர்’ என்று ஒன்று: பயிரின் பெயர், பருவம், விதை விலை, விளையும் நாள், அடிப்படை விற்பனை விலை. ‘அறுவடை’ என்று இன்னொன்று: கேம் தேதி, பயிரின் பெயர், எத்தனை, என்ன தரம், வந்த காசு. ‘மீன்’, ‘பரிசு’ என்று மேலும் இரண்டு. பயிரின் பெயர்தான் முதல் இரண்டு ஷீட்டையும் கட்டிப்போடுகிற கயிறு. விதை விலையை அறுவடை ஷீட்டில் மறுபடி எழுதாதே. அது பயிர் ஷீட்டில் ஒரே இடத்தில் இருந்தால் போதும். நாளைக்குத் திருத்த வேண்டி வந்தால் ஒரே இடத்தில் திருத்துவாய். ஹேட்லி விக்கம் என்ற புள்ளியியல்காரர் 2014-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதே விஷயத்துக்குப் பெயர் போனது. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு அட்டவணை, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பத்தி என்பதுதான் அதன் சாரம். டேட்டா வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்போது உன் நோட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். முன்பக்கம் ஒன்றில் பார்ஸ்னிப் விலை 35 என்று இருக்கிறது. பின்னால் வேறொரு பக்கத்தில் 38. இன்னொரு இடத்தில் 52. நீ 38-ஐ அடித்துவிட்டு ‘தப்பு’ என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை பாப்பா, மூன்றும் சரி. சாதாரணத் தரத்துக்கு 35. தங்க நட்சத்திரம் இருந்தால் ஒன்றரை மடங்கு, அதுதான் 52. விவசாயத் திறமை 5-ஆம் நிலைக்கு வந்ததும் டில்லர் என்ற தொழிலை நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய். அதிலிருந்து பயிர் விலை நூற்றுக்குப் பத்து கூடும், அதுதான் 38. நீ எழுதிய எண்ணில் பிழை இல்லை, நீ எழுதாமல் விட்ட இரண்டு பத்திகள்தான் குறை: தரம், தொழில்.

இரண்டு குறிப்பு ஒன்றுக்கொன்று இடித்தால் எதையும் அழிக்காதே. இரண்டையும் ஏற்று. எந்தப் பத்தியைச் சேர்த்தால் இரண்டும் சரியாகும் என்று யோசி. ஏலக்காயில் இது எங்களுக்குத் தினசரிப் பாடம். ஒரே நாள், ஒரே தோட்டம், ஆனால் 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 6 மில்லிமீட்டருக்கு ஒரு விலை. தரம் சொல்லாமல் ‘காய் என்ன விலை’ என்று போனில் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பெயருக்குள் தரத்தைச் சொருகவும் கூடாது. ‘தங்க பார்ஸ்னிப்’, ‘வெள்ளி பார்ஸ்னிப்’ என்று பயிர்ப் பத்தியில் எழுதினால், மொத்தம் எத்தனை பார்ஸ்னிப் விளைந்தது என்று கேட்கிறபோது கம்ப்யூட்டர் அவற்றை வேறு வேறு பயிராகத்தான் எண்ணும்.

மீன் ஷீட்டில் வேறொரு கோளாறு. உன் நோட்டு முழுக்கக் கிடைத்த மீன்தான் இருக்கிறது. கிடைக்காத நாள் ஒன்றுகூட இல்லை. ஏலத் தாளில் வந்த எடைக்கு ஒரு பத்தி, விற்ற எடைக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக இருப்பதைக் கவனித்தாயா? விற்காமல் நின்ற காயும் ஒரு செய்திதான். அதுவும் கணக்கில் வரும். கெளுத்தி மழை நாளில் ஆற்றில் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். வெயில் நாளில் தூண்டில் போட்டுப் பார்த்து, கிடைக்காமல் வந்தாயா, இல்லை போடவே இல்லையா? நோட்டைப் பார்த்தால் தெரியவில்லை. கேமில் கெளுத்திக்கு மழை வேண்டும் என்பது உண்மைதான், ஆற்றில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான் கிடைக்கும். பஃபர்ஃபிஷ்ஷோ நேர் எதிர்: கோடையில், வெயில் நாளில், மதியம் 12-லிருந்து 4 வரை, கடலில் மட்டும். இந்த மாதிரி விதியை யாரோ சொல்லாமல் நீயே கண்டுபிடிக்க ஆசைப்பட்டால், போட்டுக் கிடைக்காத தூண்டிலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பருவம், வானிலை, நேரம், இடம், எத்தனை முறை வீசினாய், என்ன வந்தது. குப்பை வந்தாலும் குப்பை என்று எழுது.

இதோடு சேர்த்து இன்னொரு நுணுக்கம்: காலிக் கட்டமும் 0-வும் ஒன்றில்லை. 0 என்றால் முயற்சி செய்தாய், ஒன்றும் வரவில்லை. காலி என்றால் எழுத மறந்தாய், அல்லது தெரியாது. ‘-’, ‘இல்ல’, ‘?’ என்று கண்டபடி போடாதே.

எதை எங்கிருந்து எடுத்தாய் என்பதற்கும் ஒரு பத்தி வை. ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘ஊகம்’ என்று மூன்றே சொல் போதும். நீயே விளையாடிப் பார்த்தது ஒன்று, யூடியூபிலோ விக்கியிலோ படித்தது இன்னொன்று, ‘இப்படித்தான் இருக்கணும்’ என்று நீயே முடிவு கட்டியது மூன்றாவது. மூன்றும் நோட்டில் ஒரே பேனாவில் ஒரே மாதிரி இருக்கின்றன, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்திலேயே நோட்டுப் பக்க எண்ணையும் எழுதிவிட்டால், சந்தேகம் வரும்போது போட்டோவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் வரி டேட்டாவில் இந்த ஒரு பத்தி இல்லையென்றால் நான் அதை நம்ப மாட்டேன்.

கேம் பதிப்பும் முக்கியம். ஸ்டார்டியூவின் 1.6 பதிப்பு கம்ப்யூட்டருக்கு 2024 மார்ச்சில் வந்தது, போனுக்கு அந்த வருஷம் நவம்பரில்தான் வந்தது. நடுவில் ஏறக்குறைய எட்டு மாசம் உன் போனில் ஓடியது பழைய கேம், வீடியோவில் நீ பார்த்தது புது கேம். ‘அந்த அண்ணன் பொய் சொல்றார்’ என்று நோட்டில் திட்டி எழுதியிருக்கிறாயே, அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை.

தேதி விஷயத்தில் எக்செல்லை நம்பாதே. 3-5 என்று அடித்தால், மூன்றிலிருந்து ஐந்து என்று நீ நினைப்பாய். அது தன் பாட்டுக்குத் தேதியாக மாற்றி வைத்துவிடும். விளையாட்டுப் பேச்சு இல்லை இது. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் மார்ச் மாசத்தையும் செப்டம்பரையும் போல இருந்ததால், விஞ்ஞானிகளின் ஷீட்டுகளில் அவையெல்லாம் தேதியாக மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அவ்வளவு பெரிய ஆட்களே எக்செல்லிடம் விட்டுக்கொடுத்துப் போனார்கள். நீ எண்களை அடிப்பதற்கு முன் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடு. இல்லையென்றால் குறைந்தது, அதிகம் என்று இரண்டு பத்தியாகப் பிரி.

கேம் தேதியை ‘வசந்தம் 13, 2ஆம் வருஷம்’ என்று ஒரே கட்டத்தில் எழுதாமல் வருஷம், பருவம், நாள் என்று மூன்று பத்தியாக்கு. பருவத்துக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்தால்தான் வரிசைப்படுத்தும்போது வசந்தத்துக்கு அடுத்து கோடை வரும். பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் அகர வரிசையில் இலையுதிர்காலம் முதலில் வந்து நிற்கும். நேரத்துக்கு 24 மணிக் கணக்கு. அந்த கேமில் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி 2 மணி வரை ஓடும். அந்த 2 மணியை 26 என்று எழுதிக்கொள். கேமே உள்ளுக்குள் அதை 2600 என்றுதான் வைத்திருக்கிறது. நிஜத் தேதியை எழுதுவதென்றால் வருஷம் முதலில், 2025-01-14 என்கிற வடிவில் எழுது. எந்த ஊர்க்காரரும் குழம்ப மாட்டார்.

எழுத்துப் பிழை உனக்கு இருக்கிற பெரிய எதிரி. ஒரு பக்கத்தில் முட்டைக்கோஸ், ஒரு பக்கத்தில் முட்டைகோசு, ஒரு பக்கத்தில் கேபேஜ். கூகுள் ஷீட்ஸில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ‘டிராப்டவுன்’ போட்டுவிடு. பட்டியலில் இருப்பதை மட்டும்தான் அது ஏற்கும். தமிழில் கூடுதலாக ஒரு கண்ணி இருக்கிறது: ‘கௌ’ என்று ஒரே குறியாகவும் அடிக்கலாம், ‘கெ’ போட்டு ‘ள’ போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. டிராப்டவுன் இருந்தால் இந்தத் தலைவலியும் போகும். கட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பது, கலர் அடித்து அர்த்தம் சொல்வது, இரண்டும் வேண்டவே வேண்டாம். ‘மஞ்சள்னா முக்கியம்’ என்பது உனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அடுத்த மாசம் வரைக்கும்தான்.

கணக்குப் போட்டு வருகிற எண்ணைக் கையால் எழுதாதே. பார்ஸ்னிப் விதை 20, விலை 35, நாள் 4. ஒரு நாளைக்கு 3.75 லாபம். உருளைக்கிழங்கு விதை 50, விலை 80, நாள் 6. ஒரு நாளைக்கு 5. காலிஃபிளவர் விதை 80, விலை 175, நாள் 12. ஒரு நாளைக்கு 7.9 வருகிறது. ‘காலிஃபிளவர் லேட்டு, வேஸ்ட்டு’ என்று நீ எழுதியது உன் டேட்டாவிலேயே நிற்கவில்லை பார். ஆனால் 28 நாள் பருவத்தில் காலிஃபிளவரை அடுத்தடுத்து இரண்டு முறைதான் எடுக்க முடியும், பார்ஸ்னிப்பைப் பல முறை எடுக்கலாம், ஆரம்பத்தில் கையில் காசும் இருக்காது. அதனால் உன் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்த வாதத்தை இனி நோட்டை வைத்துச் சண்டை போடாமல் ஷீட்டை வைத்துப் போடலாம். லாபப் பத்தியை ஃபார்முலாவாகப் போடு. விதை விலையைத் திருத்தினால் அதுவும் தானே மாறும். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பச்சைக்காய் எடையையும் உலர்ந்த காய் எடையையும் எழுதி வைத்துவிட்டு, அஞ்சு கிலோவுக்கு ஒரு கிலோ தேறுகிறதா என்பதைப் பிறகு கணக்கிடுவார்கள். விகிதத்தை மட்டும் எழுதி எடைகளை எழுதாமல் விட்டால் எதையும் சரிபார்க்க முடியாது.

சேமிக்கும்போது கூகுள் ஷீட்ஸில் ஒன்று இருக்கட்டும், சி.எஸ்.வி. கோப்பாக ஒரு பிரதி தனியாக இருக்கட்டும். எக்செல்லில் இருந்து எடுத்தால் ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்று இருப்பதைத் தேர்ந்தெடு, வெறும் சி.எஸ்.வி. கொடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கூடவே ஒரு சின்ன விளக்கக் கோப்பு எழுது: எந்த கேம், எந்தப் பதிப்பு, போனா கம்ப்யூட்டரா, ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம், என்ன அலகு, எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை எழுதியது. ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கம் இல்லாத டேட்டாவை அடுத்த வருஷம் உனக்கே படிக்கத் தெரியாது.

இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்பாள். 2020 மே மாசம், ‘டைடி டியூஸ்டே’ என்று வாரா வாரம் நடக்கிற டேட்டாப் பயிற்சியில் அனிமல் கிராசிங் என்ற கேமின் விவரங்களைத்தான் கொடுத்தார்கள். அந்த கேமில் வரும் பொருட்களின் விலையையும் ஊர்க்காரர்களின் குணத்தையும் ரசிகர்கள் தொகுத்திருந்தார்கள். அதை வைத்து உலகம் முழுக்க ஆட்கள் வரைபடம் போட்டுப் பழகினார்கள். நீயும் உன் டேட்டாவைக் காகிள் என்ற டேட்டாத் தளத்தில் போடலாம். போடுவதற்கு முன் இரண்டு விஷயம். விக்கியிலிருந்து அப்படியே எடுத்த வரிகளைத் தனியாகப் பிரித்து, அந்தத் தளத்தின் உரிமம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்; ‘கேட்டது’ என்று போட்டிருக்கிற பத்தி இங்கே கைகொடுக்கும். அடுத்து, ஓரத்தில் எழுதியிருக்கிற தோழிகளின் ஐடி, போன் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் ஷீட்டுக்குள் வரக்கூடாது. அபிகேலுக்கு என்ன பிடிக்கும் என்பதை ஊரறியச் சொல்லலாம். உன் கிளாஸ்மேட் எத்தனை மணிக்கு ஆன்லைனில் வருகிறாள் என்பதைச் சொல்லக்கூடாது.

இந்த ஞாயிறு மொத்த நோட்டையும் ஏற்ற உட்காராதே. இருபது வரி மட்டும் ஏற்று, கஷ்டமான பக்கங்களாகப் பார்த்து எடு. நான் போடியிலிருந்து கடைசி பஸ்ஸில் பதினேழு கொண்டை ஊசி ஏறி வந்து சேர்வதற்குள் பத்திகள் சரியாக வருகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். இருபது வரியில் பத்தியை மாற்றுவது பத்து நிமிஷ வேலை, ஐந்நூறு வரிக்கு அப்புறம் அது ஒரு லீவு முழுக்கத் தின்னும். எல்லாம் ஏற்றி முடித்த பிறகும் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதே. ஷீட்டில் ஒரு எண் இடித்தால் திரும்பிப் பார்க்க அதுதான் அசல்.